உணவுக்குழாய்ப் புற்றுக்குக் கீமோவும் கரண்ட்டும்: 28 சிட்டிங் யாருக்கு, எதற்கு?

"கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கணும், கூடவே வாரம் ஒரு கீமோ" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பப்படும் இந்தச் சிகிச்சை உண்மையில் மூன்று வெவ்வேறு சரக்கு. மெஷின் ஒன்றுதான், மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான், நோக்கம்தான் வேறு. முதல் வகை, ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்குவது: நாளுக்கு 1.8 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் 23 சிட்டிங், மொத்தம் 41.4 கிரே. இரண்டாவது, கத்தி வைக்காமல் இதாலேயே குணமாக்கப் பார்ப்பது: அதே 1.8 வீதம் 28 சிட்டிங், 50.4 கிரே. நாளுக்கு 2 கிரே வீதம் 25 என்று கணக்குப் போடும் இடங்களும் உண்டு, பெரிய வேறுபாடு இல்லை. மூன்றாவது, நோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விட்ட பிறகு நாலு வாய் விழுங்குவதற்காக மட்டும் தருவது: 10 முதல் 15 சிட்டிங், 30 முதல் 35 கிரே.

குழப்பமெல்லாம் "முற்றிய நோய்" என்ற சொல்லில் இருக்கிறது. பக்கத்து நெறிக்கட்டிகள் வரை போனதையும் முற்றியது என்கிறார்கள், உடம்பு முழுக்கப் பரவியதையும் முற்றியது என்கிறார்கள். முன்னது குணமாக்கப் பார்க்க வேண்டிய நோய்; பின்னது அப்படியல்ல. தேதி வாங்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது மூன்றில் எது?"

மூன்றாவது வகையைப் பற்றி நம் தீர்ப்பு சுருக்கமானது: அதில் கீமோவைச் சேர்ப்பது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன் மருத்துவமனைகளில் 220 பேரை வைத்து நடந்து, 2018-இல் வெளியான டிராக் 03.01 ஆய்வு இதைத்தான் சோதித்தது. கதிர் மட்டும் பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கும், கீமோ சேர்த்தவர்களில் 45 சதவீதத்தினருக்கும் விழுங்குவது தேறியது. தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய இடைவெளி. நடுமட்ட ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம்) 6.7 மாதத்துக்கு 6.9 மாதம். கடுமையான பக்கவிளைவோ 16 சதவீதத்திலிருந்து 36-க்கு ஏறியது. பரவிய நோய்க்குக் கீமோ தேவையானால் அதை முழு அளவில் தனியாகத் தரட்டும். விழுங்குவதற்குக் கதிர் தனியாகப் போகட்டும்.

இனி 50.4 கிரே. இதன் வயது முப்பதுக்கும் மேல். அமெரிக்காவின் ஆர்டிஓஜி 85-01 ஆய்வு 1992-இல் வெளியானபோது கணக்கே மாறியது. ஒரு பிரிவுக்குக் கதிர் மட்டும், 64 கிரே. மற்ற பிரிவுக்கு 50 கிரேயும் சிஸ்பிளாட்டின், ஃபைவ்-எஃப்யு மருந்துகளும். ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் சேர்த்துப் பெற்ற பிரிவில் 26 சதவீதம். கதிர் மட்டும் பெற்ற பிரிவில் ஒருவர்கூட இல்லை. குறைவான கதிர் வாங்கியவர்கள்தான் பிழைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கதிர் செல்லின் டிஎன்ஏ-வை உடைக்கிறது. உடைந்ததைச் செல் ஒட்டுப்போட முனையும்போது மருந்து குறுக்கே நிற்கிறது. கதிர் படும் எல்லைக்கு வெளியே தெறித்திருக்கும் துகள்களையும் ஓரளவு மருந்தே பார்த்துக்கொள்கிறது. விலையும் உண்டு: அதே ஆய்வில் உயிருக்கு ஆபத்தான பக்கவிளைவு சேர்த்துப் பெற்றவர்களில் 20 சதவீதம், கதிர் மட்டும் பெற்றவர்களில் 3.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் கதிரைக் கூட்டினால் என்ன? எல்லோருக்கும் தோன்றும் இந்த யோசனை இரண்டு முறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டு இரண்டு முறையும் தோற்றது. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 64.8 கிரே வாங்கியவர்களின் நடுமட்ட ஆயுள் 13 மாதம், 50.4 வாங்கியவர்களுக்கு 18.1 மாதம். கூடுதல் அளவுப் பிரிவில் சிகிச்சையாலேயே இறந்தவர் 11 பேர், மற்றதில் 2. அந்த 11 பேரில் 7 பேர் 50.4-ஐத் தாண்டும் முன்பே போய்விட்டதால், "அளவுதான் கொன்றது" என்றும் சொல்ல முடியாது. "பழைய மெஷின், பழைய முறை" என்ற சாக்கு நெடுநாள் ஓடியது. 2021-இல் நெதர்லாந்தின் ஆர்ட்டெக்கோ ஆய்வு நவீன முறையில், கட்டியின் மீது மட்டும் 61.6 கிரே வரை ஏற்றிப் பார்த்தது. மூன்றாண்டில் கட்டி இருந்த இடம் அமைதியாக இருந்தவர்கள் 73 சதவீதம், 50.4-இல் 70. வித்தியாசம் இல்லை என்றே பொருள். ஆக, "நாங்கள் 60-க்கு மேல் தருகிறோம்" என்பது மார்புப் பகுதிக் கட்டிக்கு ஒரு கூடுதல் சிறப்பு அல்ல. கழுத்தோடு ஒட்டிய மேல்பகுதிக் கட்டிக்குத் தொண்டைப் புற்றின் பாணியில் கூடுதலாகத் தரும் வழக்கம் உண்டு. அதன் நியாயம் வேறு.

மருந்து விஷயத்தில் கடையில் இரண்டு மாடல். பழையது சிஸ்பிளாட்டின் 75 மில்லிகிராம், ஃபைவ்-எஃப்யு நாளுக்கு 1000 மில்லிகிராம் வீதம் நான்கு நாள் தொடர் சொட்டு. எல்லாம் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு. நான்கு நாள் படுக்கை, லிட்டர் கணக்கில் சலைன், சிறுநீரகமும் காதும் பத்திரம் என்ற கவலை. புதியது வாரம் ஒரு பகல்: பேக்லிடாக்சல் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம், கார்போபிளாட்டின் ஏயுசி 2 (ரத்தத்தில் மருந்து மொத்தம் எவ்வளவு நிற்க வேண்டும் என்ற குறியீடு). காலையில் போய் மாலையில் வீடு. குணமாக்கும் வலுவில் ஒன்று மற்றதை வீழ்த்திவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் மெலிந்து போன, அறுபது தாண்டிய, சிறுநீரகம் அரைகுறையான நோயாளிக்கு வாராந்திர மாடல்தான் முழுதாக முடிக்கத் தோது. சேர்த்துத் தருவதில் முடிப்பதுதான் பாதி வெற்றி.

இந்த வாராந்திர மாடலில் ஒரு மறைந்த பள்ளம் இருக்கிறது. கார்போபிளாட்டின் அளவு எடையை வைத்து அல்ல, சிறுநீரக வேகத்தை வைத்து: ஏயுசி எண்ணை, வடிகட்டும் வேகத்தோடு 25 கூட்டிப் பெருக்க வேண்டும். 60 வயது, 50 கிலோ, கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 0.8 உள்ள ஆணுக்கு வேகம் ஏறக்குறைய 70; மருந்து 2 x 95 = 190 மில்லிகிராம். இரண்டு மாதமாகக் கஞ்சித் தண்ணீரில் ஓட்டியவருக்குத் தசையே கரைந்திருக்கும், கிரியாட்டினின் 0.4 என்று வரும். அதை அப்படியே போட்டால் வேகம் 139 ஆகி, மருந்து 328 மில்லிகிராம் என்று கணக்கு சொல்லும். சிறுநீரகம் இரட்டிப்பு வேகம் பெறவில்லை, தசைதான் இல்லை. அதனால்தான் பல மையங்களில் கிரியாட்டினினை 0.7-க்குக் கீழே எடுத்துக்கொள்வதில்லை, வேகத்துக்கும் 125 என்று உச்சவரம்பு வைக்கிறார்கள். மூன்றாம் வாரம் தட்டணுக்கள் சரிந்து கீமோ நிற்கும் கதைகளில் சில இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன.

பேக்லிடாக்சலில் பயப்பட வேண்டியது முதல் இரண்டு டோஸின் முதல் பத்து நிமிடம். முகம் சிவப்பது, நெஞ்சு இறுகுவது, இடுப்பு திடீரென்று வலிப்பது, இதில் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்; சொட்டை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கும். முன்கூட்டி டெக்சாமெதசோனும் அலர்ஜி ஊசியும் போடுவது இதற்காகத்தான். மருந்து சாதாரண பிவிசி குழாயில் இறங்கக் கூடாது; வடிகட்டி வைத்த தனி செட் வேண்டும்.

இந்த மாடலுக்குப் பெயர் வாங்கித் தந்தது நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வு, 2012. ஐந்து வாரக் கீமோ, 41.4 கிரே, பிறகு ஆபரேஷன். நேரடியாக ஆபரேஷனுக்குப் போனவர்களின் நடுமட்ட ஆயுள் 24 மாதம், இதைச் செய்துவிட்டுப் போனவர்களுக்கு 49.4. வெட்டியெடுத்த குழாயில் புற்றுச் செல்லே மிஞ்சாதவர்கள் 29 சதவீதம். ஸ்குவாமஸ் (குழாயின் உட்புறத் தோல் செல்லில் தொடங்கும்) வகையில் மட்டும் பார்த்தால் 49. வெள்ளணுக்கள் கடுமையாகக் குறைந்தவர்கள் 6 சதவீதம்தான். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் உள்ளே யாரைச் சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும்: கட்டி 8 செ.மீ. நீளத்துக்குள், வயது 75-க்குள், எடை இழப்பு 10 சதவீதத்துக்குள். தண்ணீரும் இறங்காத நிலையில் பதினைந்து கிலோ இழந்து வருபவர் அந்த ஆய்வின் வாசலையே தாண்டியிருக்க மாட்டார். அந்த எண்களை அவருக்கு அப்படியே வாக்குறுதியாகச் சொல்வது நேர்மையல்ல.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸா, அடினோவா என்று பார்ப்பது இப்போது முன்னைவிட முக்கியம். மேற்கு நாடுகளில் மிகுதியான அடினோ (சுரப்பிச் செல்லில் தொடங்கும்) வகை பெரும்பாலும் இரைப்பை சேரும் கீழ்ப்பகுதியில் வருவது. அதற்கு ஜெர்மனியின் எசோபெக் ஆய்வு கிராஸ் முறையையும், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் தரும் ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கீமோவையும் நேருக்கு நேர் நிறுத்தியது: நடுமட்ட ஆயுள் 37 மாதத்துக்கு 66 மாதம். ஃப்ளாட் தாங்கும் உடம்பும் வெட்டியெடுக்கக்கூடிய அடினோவும் இருந்தால், கதிர் சேர்த்த முறை இனி முதல் தேர்வு அல்ல. இந்தியாவில் மிகுதியான ஸ்குவாமஸுக்கு அது இன்னும் அசையாமல் நிற்கிறது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவற்றில் விட்டுப்போகிறவை இரண்டு. கட்டி மூச்சுக்குழாய் பிரியும் இடத்திலோ அதற்கு மேலோ இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி: கட்டி மூச்சுக்குழாய்க்குள் எட்டிப் பார்த்திருந்தால், அது கரையும்போதே இரண்டுக்கும் நடுவே துளை விழலாம். ஃபைவ்-எஃப்யு மாடல் என்றால் டிபிவைடி மரபணுச் சோதனை: இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்குச் சாதாரண அளவே விஷமாகும். நோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று காட்டும் பெட் சிடி ஸ்கேன் எடுக்காமல் 50.4-ஐத் தொடங்குவதும் குருட்டாட்டம்தான். ஆறு வாரம் பாடுபட்டு முடித்த பிறகு எலும்பில் புள்ளி தெரிந்து பயனில்லை.

சிமுலேஷன் (கதிருக்கான ஒத்திகை) அன்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, உடம்புக்கென்றே வார்த்த அச்சில் படுக்கவைத்து சிடி எடுப்பார்கள். கீழ்ப்பகுதிக் கட்டி என்றால் மூன்று நான்கு மணி நேரம் வெறும் வயிறு. வயிறு ஒருநாள் நிரம்பியும் ஒருநாள் காலியாகவும் இருந்தால் குறி நகரும். இதே விதி தினமும் உண்டு என்பதைப் பலரும் மறந்து, இட்லி சாப்பிட்ட கையோடு மெஷினுக்கு வருகிறார்கள். கட்டியின் மேலும் கீழும் குழாய் நெடுக 3 முதல் 4 செ.மீ. சேர்த்தே எல்லை வரைவார்கள், இந்த நோய் சளிப்படலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும் என்பதால். முதுகுத் தண்டுக்கு 45 கிரேக்கு மேல் போகாமலும், 20 கிரே வாங்கும் நுரையீரல் பங்கு 30 சதவீதத்துக்குக் கீழேயும், இதயத்தின் சராசரி 26 கிரேயை ஒட்டியும் நிற்கும்படி திட்டம் போடுவார்கள். இதற்கு ஒரு வாரம் வரை ஆகலாம். "ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை" என்று சண்டை போடாமல், அந்த வாரத்தில் எடையை ஏற்றுங்கள்.

சிட்டிங் என்பது பதினைந்து நிமிட வேலை. கதிர் பாய்வது சில நிமிடம். சூடு, வலி, மின்சாரம் எதுவும் இல்லை. முதல் பத்து நாள் "இதுக்கா இவ்வளவு பயந்தோம்" என்று தோன்றும். மூன்றாம் வாரம்தான் பில் வரும். விழுங்கும்போது மிளகாய் தடவியது போன்ற எரிச்சல், உமிழ்நீர் இறங்கினாலும் வலி. சுக்ரால்ஃபேட், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல், அமில மாத்திரை இவற்றோடு சமாளித்து, போதாவிட்டால் மார்ஃபின் சிரப் வரை தயங்காமல் போக வேண்டும். எரிச்சல் ஓரிரு நாளில் திடீரென்று இரட்டிப்பானால் வாயைத் திறந்து பாருங்கள்: வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூஞ்சை, ஃப்ளூகொனசோல் தொடங்கினால் சில நாளில் தெளியும். கதிர்தான் காரணம் என்று எண்ணிச் சிட்டிங்கை நிறுத்திவிடுவது இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு.

இந்தச் சேவையின் உண்மையான பலவீனம் மெஷினிலோ மருந்திலோ இல்லை, சாப்பாட்டில். பெரும்பாலான இடங்களில் அதை "நல்லா சாப்பிடுங்க" என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 50 கிலோ ஆளுக்கு நாளுக்கு ஏறத்தாழ 1500 கலோரியும் 60 முதல் 75 கிராம் புரதமும் வேண்டும். அரை லிட்டர் பாலில் 16 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6. நான்கு முட்டையும் ஒரு லிட்டர் பாலும் சேர்ந்தாலே 56 ஆகிவிடும். மீதியைப் பருப்பும் தயிரும் சத்துமாவும் பார்த்துக்கொள்ளும். இளநீரும் ஆப்பிள் ஜூஸும் அரிசிக் கஞ்சியின் தெளிவும் மட்டும் குடித்தால் வயிறு நிறையும், எடை இறங்கும். குழைத்த இட்லி, பருப்பு மசித்த சாதம், காரம் புளி இல்லாத நீர்த்த சாம்பார், தயிரில் கரைத்த ராகிக் கூழ் என்று கரண்டியில் வழுக்கி ஓடும் பதத்தில் இருக்கட்டும். ஆறிய பிறகு, உட்கார்ந்தபடி, இரண்டு மணிக்கு ஒரு தடவை.

அரைத் திடமும் இறங்காதவருக்கு மூக்கு வழி டியூப்பைத் தொடங்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது. மூன்றாம் வாரம் புண்ணான குழாயில் டியூப் நுழைப்பது நோயாளிக்கும் கொடுமை, போடுபவருக்கும் கஷ்டம். ஆபரேஷன் திட்டம் இருந்தால் வயிற்றில் நேரடியாகப் போடும் டியூப்பைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். எடுத்த உணவுக்குழாய்க்குப் பதில் இரைப்பையைத்தான் மேலே இழுத்துத் தைப்பார்கள், அதைத் துளைத்து வைப்பானேன்? அதற்காகவே சிறுகுடலில் போடும் டியூப். டியூப் வழி போகும் ராகி, சத்துமாவு எல்லாம் துணியில் வடிகட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் செலுத்தாவிட்டால் இரண்டே நாளில் அடைக்கும். ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும், பிறகும் முக்கால் மணி நேரம் சாய வேண்டாம். பத்து நாளாக ஒன்றும் உள்ளே போகாதவருக்கு முதல் நாளே 1500 கலோரி ஊற்றுவதும் ஆபத்து: ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும். பாதிக்கும் குறைவாகத் தொடங்கி, பி1 வைட்டமின் தந்து, நான்கைந்து நாளில் ஏற்ற வேண்டும்.

இங்கேதான் "ஸ்டென்ட் வெச்சா இன்னைக்கே சாப்பிடலாம்" என்ற யோசனை வரும். மூன்றாவது வகை நோயாளிக்கு அது அருமையான சாதனம். குணமாக்கும் திட்டத்தில் இருப்பவருக்கு வேண்டாம். கட்டி கரையும்போது உலோகக் குழாய் பிடிப்பிழந்து நழுவும், புண்ணான சுவரை உரசித் துளைக்கும், ரத்தம் கசியும். விழுங்க வேண்டுமே என்ற அவசரத்தில் வைத்த ஸ்டென்ட், குணமாகும் வாய்ப்பையே குலைக்கலாம்.

இடைவெளி இன்னொரு எமன். கதிர் பாதியில் நிற்கும்போது மிஞ்சிய ஸ்குவாமஸ் செல்கள் வேகம் பிடித்துப் பெருகும். ரத்த அணுக்கள் குறைந்தால் அந்த வாரக் கீமோவை விடலாம். கதிரை அதற்காக விட வேண்டியதில்லை, காய்ச்சலோ மிகக் கடுமையான சரிவோ இல்லாதவரை. வெள்ளணு ஏற்றும் ஊசியையும் மார்புக் கதிரோடு சேர்த்துப் போடுவதைத் தவிர்ப்பார்கள். தட்டணுக்கள் மேலும் சரியும் அபாயம் உண்டு. பொங்கல், தீபாவளி விடுமுறைகளுக்கும் மெஷின் பராமரிப்பு நாட்களுக்கும் எப்படி ஈடு செய்வார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சிட்டிங் தரலாம், சனிக்கிழமை தரலாம். "கடைசியில் சேர்த்துக்கலாம்" என்பது ஈடாகாது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்பவர்கள் முன் அனுமதிக் காகிதங்களை சிமுலேஷனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்ற வரம்புக்குள் கீமோவும் கதிரும் அடங்கினாலும், அனுமதி வராத காரணத்தால் இடையில் நாள் தவறுவதுதான் உண்மையான செலவு.

மெஷின் விஷயம் சுருக்கமாக. ஐஎம்ஆர்டி (கதிரின் வலுவை இடத்துக்கு இடம் மாற்றித் தரும் முறை) கிடைத்தால் வாங்குங்கள், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகும் கதிரைக் குறைக்கும். புரோட்டான் கதிர், சென்னை தரமணியில் 2019 முதல் கிடைக்கிறது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது பக்கவிளைவுகளின் மொத்தச் சுமையைக் குறைத்தது, ஆயுளைக் கூட்டவில்லை. வீட்டை அடகு வைத்து வாங்க வேண்டியதல்ல.

முடிந்த பிறகு உடனே ஸ்கேன் எடுக்கத் துடிக்க வேண்டாம். கதிரின் வீக்கமே பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்து பயமுறுத்தும். 50.4 முடித்தவருக்கு 10 முதல் 12 வாரத்தில் எண்டோஸ்கோபி, பயாப்ஸி, பெட் மூன்றும். ஆபரேஷன் திட்டமிருந்தவருக்கு வழக்கம் ஆறு முதல் பத்து வாரத்தில் கத்தி. கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால் கத்தி தேவையா என்ற கேள்விக்கு நெதர்லாந்தின் சானோ ஆய்வு 2025-இல் ஓரளவு பதில் சொன்னது: உடனே ஆபரேஷன் செய்தவர்களும், கண்காணித்துத் திரும்பி வந்தால் மட்டும் செய்தவர்களும் இரண்டாண்டில் ஏறத்தாழ ஒரே அளவு பிழைத்திருந்தார்கள், 71-க்கு 74 சதவீதம். ஆனால் கண்காணிப்பு என்பது வீட்டில் சும்மா இருப்பதல்ல; முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபியும் பெட்டும். அதற்கு வர முடியாத தூரத்தில் இருப்பவர் ஆபரேஷனையே தேர்ந்தெடுக்கலாம்.

சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால், சளி மருந்தில் வாரங்களைக் கழிக்காமல் கதிர் டாக்டரிடம் போக வேண்டும்; நுரையீரல் அழற்சி என்றால் ஸ்டீராய்டு தேவைப்படும். விழுங்குவது மறுபடி சிக்கினால் அது நோய் திரும்பியதாகவே இருக்க வேண்டியதில்லை: கதிரின் வடு குழாயை இறுக்கியிருக்கலாம், எண்டோஸ்கோபியில் பலூன் வைத்து விரித்தால் இளகும். ஆனால் தண்ணீர் குடித்த ஒவ்வொரு முறையும் உடனே இருமல் வந்தால் அன்றே வாய்வழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அது மூச்சுக்குழாய்க்குத் துளை விழுந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.